புதுப்பிப்பு: தம்பியின் கேசினோ படிப்பு

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: நாகர்கோவிலில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த தம்பி கேசினோ நிர்வாகம் படிக்க ஆசைப்படுகிறான், அனுப்பலாமா என்று. அனுப்பிவிட்டோம், கோவாவுக்கு.

அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. "மக்கா, சூதாட்டத்துலயா பிழைப்பு?" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது, கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமத்தோடு நடக்கிறது என்று விளக்கிய பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஓணத்துக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் புளியங்கொட்டையைச் சிப்புகளாக, அதாவது கேசினோவில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளாக, அடுக்கிக் காட்டினான். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் 37 எண்கள். ஓர் எண்ணில் ஜெயித்தால் 35 மடங்கு, கூடவே வைத்த காசும். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் 37 போகும், 36 திரும்பும். அந்த ஒரு ரூபாயில்தான், அதாவது சுமார் 2.7 சதவீதத்தில்தான், மொத்தத் தொழிலும் நிற்கிறது. அம்மா கொட்டைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

அப்புறம் எழும்பும்போது உள்ளங்கைகளை விரித்துத் திருப்பிக் காட்டினான். கையில் சிப்பு ஒளிந்திருக்கவில்லை என்று கேமராவுக்கு டீலர், அதாவது மேசையில் ஆட்டத்தை நடத்தும் ஊழியர், காட்டுவது அது. பழகிவிட்டதாம்.

தான் ஒருநாளும் விளையாட மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறான். நான் நம்புகிறேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.