கனடாவில எவ்வளவு ஸ்னோ கொட்டும் எண்டு கேக்கிறவைக்கு – கண்டவை எழுதுங்கோ

வெள்ளவத்தைக்காரன்:
எங்கட லேனில யாருக்கு விசா வந்தாலும் முதல் கேள்வி இதுதான். கனடா எண்டு மொத்தமாச் சொல்ல ஏலாது, எந்த ஊர், ஏரிக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டாத்தான் பதில் வரும். ஜனவரியில தங்கச்சியிட்ட ஸ்காபுறோவுக்குப் போய் நிண்டனான், ரொறன்ரோவில வருசத்துக்கு சராசரியா 120 சென்ரிமீற்றர் அளவிலதான் கொட்டும், நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு நல்ல வெயில், ரோட்டில போட்ட உப்புத்தான் காஞ்சு வெள்ளையாக் கிடந்தது. 400 ஹைவேயால வடக்க பாரி எண்ட ஊர்ப் பக்கம் ஒரு மணித்தியால ஓட்டம்தான், கிட்டப் போகப் போக ஸ்னோ கொட்டி, முன்னால போன லொறியின்ட சிவப்பு லைட் மட்டும் தெரிஞ்சுது, பிறகு அதுவும் இல்லை. மச்சான் ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மூச்சுக் காட்டேல்ல. அதைத் தாண்டினா திரும்ப வெயில்!

பாரியில சராசரி ரொறன்ரோவை விட ரெண்டு மடங்குக்குக் கிட்ட. ஏரித் தண்ணி கோடைச் சூட்டை கனநாள் வச்சிருக்கும், வடமேற்கில இருந்து வாற காஞ்ச குளிர்காத்து ஹியூரன் ஏரி, ஜோர்ஜியன் வளைகுடாவுக்கு மேலால வரேக்க அந்தச் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கரையில கொட்டுது, அதுவும் ஒடுங்கின பட்டி பட்டியா. ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின்ட வடமேற்குக் கரையில இருக்கிறபடியா அந்தக் காத்து அதுக்கு அனேகமாத் தரையாலதான் வருது, அதால தப்புது. எரீ ஏரியின்ட கிழக்கு முனையில, அமெரிக்காப் பக்கம் இருக்கிற பஃபலோவுக்கு அந்தக் குடுப்பினை இல்லை, அங்க சராசரி 240 சென்ரிமீற்றர் வரும். 2022 நவம்பரில பக்கத்து ஓர்ச்சர்ட் பார்க்கில ஒரே புயலில 2 மீற்றர் கொட்டினது, அதே நேரம் பஃபலோவுக்கு வடக்கால இருந்த இடங்களுக்கு அதில கொஞ்சம்தான். எங்கட மழையும் இப்பிடித்தானே, கொழும்பில வருசத்துக்கு 2,400 மில்லிமீற்றர், மன்னாரில அதில அரைவாசியும் இல்லை.

கொட்டாஞ்சேனை அம்மா:
தம்பி சொல்றது சரி. என்ட மகன் வினிபெக்கில, மகள் வன்கூவரில. வினிபெக்கில மைனஸ் 30 எல்லாம் போகும், ஆனா ஸ்னோ ரொறன்ரோ அளவுதான் எண்டு அவன் சொன்னான், அவ்வளவு குளிர்ந்த காத்தில ஈரம் நிக்காதாம். ஆனா நவம்பரில விழுந்தது உருகாம மார்ச் மட்டும் அப்பிடியே கிடக்கும், வீடியோ கோலில பாக்கேக்க ஜன்னலுக்கு வெளியால எப்பவும் அதே வெள்ளைக் குவியல்தான். வன்கூவரில வருசம் முழுக்க சராசரியா 40 சென்ரிமீற்றர்கூட வராது, ஆனா விழுற அண்டைக்கு ஊரே நிண்டுபோகும், எல்லாம் ஏத்த இறக்கம், பஸ் சறுக்குது. அவள் வாசல் கூட்டப்போய் முதுகு பிடிச்சுக் கிடக்கிறாள், கொஞ்ச ஸ்னோதானே, ஏன் அப்பிடி?

தெமட்டகொட, பொறந்தது நுவரெலியா:
நான் ஜப்பான்ல வேலைக்கு இருந்தேங்க, மொதல்ல டோக்கியோ, அப்புறம் நீகாட்டா பக்கம். டோக்கியோவுல வருஷத்துக்கு சராசரி 10 சென்டிமீட்டர்கூட விழாது, குளிர்காலம்னா நீல வானந்தான். மலைக்கு அந்தப் பக்கம் போனா கத வேற. சைபீரியாவுல இருந்து வர்ற காத்து சூடான ஜப்பான் கடல் மேல ஈரத்த ஏத்திக்கிட்டு வந்து மலையில முட்டி அங்கேயே கொட்டிருது. வடக்க அஓமோரி டவுன்ல சராசரி 5 மீட்டருக்கு மேல, அத்தனைக்கும் ஜனவரில அங்க குளிர் சராசரியா மைனஸ் 1 தான். நாகாஓகா டவுன்ல ரோட்டு நடுவுல குழாய் பதிச்சு நிலத்தடி தண்ணிய பீச்சி அடிச்சே ஸ்னோவ கரைக்கிறாங்க, தண்ணியில உள்ள இரும்பால ரோடே துரு கலர்ல இருக்கும், நான் மொத தடவ பார்த்து அசந்துட்டேன்.

நுவரெலியாவுல ஸ்னோ விழுதுன்னு ஜனவரில போட்டோ போடுறாங்களே, அது ஸ்னோ இல்லங்க. மேகமில்லாத ராத்திரில நெலம் குளிர்ந்து புல்லு மேல ஈரம் ஒறைஞ்சு போறது. காலையில வெயில் பட்டதும் கொழுந்து கருகிப் போகும், தோட்டத்துல அது பெரிய நட்டம், அத ரசிக்க எங்களால முடியல.

வெள்ளவத்தைக்காரன்:
அம்மா, மகளின்ட முதுகுக்குக் காரணம் இருக்கு. பொதுவா 10 சென்ரிமீற்றர் ஸ்னோ உருகினா 1 சென்ரிமீற்றர் தண்ணி, அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 10 கிலோ. வினிபெக்கில விழுறது மாவு மாதிரி லேசு. வன்கூவரில சைபர் டிகிரிக்குக் கிட்ட விழுறபடியா ஈரம் கூட, சவளில ஒட்டிக்கொண்டு கழராது. தூக்கி எறியாம, விழ விழ கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் தள்ளச் சொல்லுங்கோ, அப்பிடியே கிடக்க விட்டா இன்னும் இறுகிப்போகும்.