முயல் படத்துச் சீட்டில் பெயர் தப்பு

அல்சூர் தூரிகை: சித்ர சந்தை ஓவியக் கண்காட்சியில் வாங்கிய முயல் பிரிண்ட் ஒன்றை யாரோ நம் குடியிருப்பு நூலகத்தில் மாட்டியிருக்கிறார். கீழே சீட்டு: "பீட்டர் ராபிட், நீர்வண்ணம், பியாட்ரிக்ஸ் பாட்டர், 1890". குழந்தைகள் வந்து படிக்கிற இடம் ஐயா! குழந்தைகளுக்குப் படக்கதை எழுதிய இந்த ஆங்கிலேயப் பெண்மணி அந்த வருடம் வாழ்த்து அட்டைக்கு வரைந்து விற்றது பெஞ்சமின் என்ற தன் வளர்ப்பு முயலை. பீட்டரை அல்ல.

பி பிளாக்: அந்த "யாரோ" நான்தான். அது உங்களுக்கும் தெரியும். காதைப் பாருங்கள், அச்சு அசல் பீட்டர்.

அல்சூர் தூரிகை: காது எல்லா முயலுக்கும் நீளம்தான். பாட்டர் அடுத்து வளர்த்த பீட்டர் செத்தது 1901 ஜனவரி 26, ஒன்பதாவது வயது முடிகிற சமயத்தில். பாட்டரே எழுதி வைத்திருக்கிறார். கழித்துப் பாருங்கள், 1890இல் பீட்டர் பிறக்கவே இல்லை.

பி பிளாக்: முயலுக்கு ஜாதகமா! சரி, காதுக்குப் பதில்?

வண்ணப்பெட்டி: இது நீர்வண்ணம்தானா? முடியெல்லாம் பேனாக் கோடு மாதிரி இருக்கிறதே.

அல்சூர் தூரிகை: தூரிகையை ஒற்றி எடுத்து, ஈரம் குறைந்ததும் முடி முடியாக இழுத்தால் அப்படித்தான் வரும். இன்னொன்று கேளுங்கள். அட்டைப் படங்களுக்கு ஆறு பவுண்டு கிடைத்த சந்தோஷத்தில் பெஞ்சமினுக்கு ஒரு கோப்பை கஞ்சா விதை கொடுத்திருக்கிறார். மறுநாள் வரைய உட்கார்ந்தால் முயல் போதையில் அடங்கவே இல்லை. பெஞ்சமின்! பீட்டர் அல்ல.

மூன்றாம் மாடி மாமி: குழந்தைகள் பார்க்கிற குழுவில் கஞ்சா பேச்சு எதற்கு?

அல்சூர் தூரிகை: மாமி, அது 1890 லண்டன். பறவைக்குப் போடுகிற தீனி.

மூன்றாம் மாடி மாமி: இருக்கட்டும். ஆணி அடித்ததில் என் பக்கத்துச் சுவரில் காரை உதிர்ந்திருக்கிறது. அதை யார் பூசுவது?

பி பிளாக்: பொங்கல் கோலப் போட்டியில் என் மனைவிக்கு மூன்றாம் பரிசு போட்ட நடுவர் இந்தத் தூரிகைதான். அன்றிலிருந்தே இவருக்கு எங்கள் வீட்டுப் பொருள் எதுவும் ஆகாது.

அல்சூர் தூரிகை: கோலத்தில் இரண்டு புள்ளி விட்டுப் போயிருந்தது. இதில் பதினோரு வருடமே விட்டுப் போயிருக்கிறது. பீட்டர் கதையைப் பாட்டர் ஒரு குழந்தைக்குக் கடிதமாக எழுதியதே 1893 செப்டம்பரில்தான்.

பி பிளாக்: பதினொன்றா? 1890க்கும் 1893க்கும் மூன்றுதான்.

அல்சூர் தூரிகை: 1901இல் அச்சான புத்தகத்தை வைத்துச் சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். பெஞ்சமின்.

வண்ணப்பெட்டி: அந்தப் பிரிண்ட் எவ்வளவு? பேரம் பேசினீர்களா?

பி பிளாக்: காது.

அல்சூர் தூரிகை: நாளைக் காலை நானே போய்ச் சீட்டை மாற்றுகிறேன்.

பி பிளாக்: தாராளமாக. நூலகச் சாவி என் வீட்டில் இருக்கிறது.