ஹோப்டன் மாளிகை யார் கட்டியது? மேற்கு முகப்பு பற்றி ஒரு கேள்வி

கல்தச்சன்: ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு மேற்கே ஃபோர்த் கழிமுகத்தை அடுத்து நிற்கும் ஹோப்டன் மாளிகை "முழுக்க முழுக்க வில்லியம் ஆடமின் படைப்பு" என்று கோட்டைப்பித்தன் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். ஆடமுக்கு முன்பே 1699-இல் சர் வில்லியம் புரூஸ் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் தொடங்கிய வீடு எங்கே போயிற்று? தோட்டத்தை நோக்கிய மேற்கு முகப்பு இன்றும் புரூஸின் முகப்பாகவே இருக்கிறது. வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

கோட்டைப்பித்தன்: 1721-இல் ஆடம் கைவைத்த பிறகுதான் அந்த வீட்டுக்குப் பெயர் வந்தது. கிழக்கு முகப்பின் ஓங்கிய அரைத்தூண்கள், மேல்விளிம்பின் கைப்பிடிச் சுவர், இருபுறமும் வளைந்து சென்று துணைக் கட்டடங்களைத் தொடும் தூண்வரிசைகள் ஆகிய அனைத்தும் அவருடையவை. கொல்லைப்புறத்தைக் காட்டி வீட்டுக்கு உரிமை கொண்டாடுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கல்தச்சன்: அது கொல்லைப்புறம் அன்று, மேற்கு முகப்பு. உள்ளே எண்கோணப் படிக்கட்டும், அதில் அலெக்சாண்டர் ஐசாட் செதுக்கிய பைன் மர வேலைப்பாடும் புரூஸ் காலத்தவை. "முழுக்க" என்று எழுதியவர் முதலில் மேற்கு முகப்புக்கு விடை சொல்லட்டும்.

இளவேனில்: கல்தச்சன் ஐயா சொல்வதே சரி. அந்தப் படிக்கட்டுச் சுவரோவியங்களைப் பார்த்தாலே புரூஸ் காலத்துச் சுவை விளங்கும்.

கோட்டைப்பித்தன்: அருமை! அந்த ஓவியங்களை வில்லியம் மக்லாரன் என்பவர் 1960-களில் தீட்டினார். புரூஸ் இறந்தது 1710-இல். கல்தச்சனின் அணியில் வரலாறு எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கல்தச்சன்: நான் ஓவியத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, மரத்தையும் மேற்கு முகப்பையும் பற்றித்தான் எழுதினேன். இன்னொன்றையும் கேட்கிறேன். வில்லியம் ஆடம் 1748-இல் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. மகன்கள் ஜானும் ராபர்ட்டும்தான் அதைத் தொடர்ந்தார்கள், வரவேற்பறைகளின் அலங்காரமும் அவர்கள் காலத்தது. அப்படியானால் தங்கள் "முழுக்க முழுக்க" தங்கள் கணக்கிலேயே நிற்கவில்லையே?

செங்கோடன்: முகப்பைப் பற்றி இத்தனை பேசுகிறீர்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. லெட்ஹில்ஸ் ஈயச் சுரங்கங்கள்தாம் இந்த மாளிகையைக் கட்டுவித்த ஹோப் குடும்பத்தின் செல்வம். 1939-இல் இந்தியத் தலைவர்களைக் கேளாமலேயே இந்தியாவைப் போரில் இறக்கிய வைஸ்ராய் லின்லித்கோவும் அதே குடும்பத்தவர்.

கல்தச்சன்: லின்லித்கோ வைஸ்ராயானது 1936-இல். மேற்கு முகப்பு அவருக்கு இரு நூற்றாண்டு மூத்தது. அரசியலுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

செங்கோடன்: கல்லைப் பற்றிப் பேசலாம், கூலியைப் பற்றிப் பேசக் கூடாதோ?

கோட்டைப்பித்தன்: தந்தை தொடங்கியதை மகன்கள் முடித்தால் அது ஆடம் குடும்பத்தின் வீடுதான். 1754-இல் ராபர்ட் ஆடம் இத்தாலிக்குப் புறப்பட்டதே ஹோப்டன் பிரபுவின் தம்பி சார்லஸ் ஹோப்புடன்தான். உறவு அத்தனை நெருக்கம். மேலும், கலேன் கோட்டை இழையில் கல்தச்சன் எழுதியதை நான் மறக்கவில்லை. பழைய கோபுர வீட்டை ராபர்ட் ஆடம் மாற்றிக் கட்டிய பிறகு அது ஆடமுக்கே உரியது என்று அங்கே முழங்கியவர், இங்கே பழைய வீட்டுக்காக வழக்காடுகிறார்.

கல்தச்சன்: கலேனில் பழைய கோபுரம் புதிய கட்டடத்துக்குள் மறைந்துவிட்டது. ஹோப்டனில் மேற்கு முகப்பு வெயிலில் வெளிப்படையாக நிற்கிறது. இந்த வேறுபாடு புரியாதவரோடு அன்றும் பேசிப் பயனில்லை, இன்றும் இல்லை.

கோட்டைப்பித்தன்: பயனில்லை என்று சொல்லிக்கொண்டே இதுவரை அதிகம் எழுதியவர் தாங்கள்தான்.

கல்தச்சன்: ஏனெனில் மேற்கு முகப்பைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை எழுதவில்லை.

செங்கோடன்: ஈயச் சுரங்கத்துக்கும்தான்.