வீட்டில் கட்டிய லோட்டஸ் செவன் மாதிரிக் கார்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதிவு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

சேட்ஸ்வொர்த்_செவன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். லோட்டஸ் செவன் என்ற லேசான ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியில் நானே கட்டும் இரண்டு சீட்டு வண்டி. 25 மி.மீ. சதுரக் குழாயில், 1.6 மி.மீ. தடிப்பில், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வெல்டிங் முடிந்துவிட்டது. முன்பக்க அப்ரைட் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) ஃபோர்டு கார்ட்டினாவினுடையது, பின் ஆக்சில் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2. எஞ்சின் டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ, கியர்பாக்ஸும் டொயோட்டாவின் டி50. எஸ்கார்ட் என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அதன் சேசிஸ் எண்ணை வெட்டியெடுத்து இந்தச் சேசிஸில் வெல்ட் பண்ணிவிட்டால் வேலை முடிந்தது என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். சரிதானா? அடுத்த வாரம் சேசிஸை பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பலாமா?

பைன்டவுன்_ஸ்பேனர்:
அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள் தம்பி. எண்ணை வெட்டி இன்னொரு சேசிஸில் ஒட்டுவது திருட்டுக் கார் கும்பல் செய்கிற வேலை. 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 68-ஆம் பிரிவு, இதைக் குற்றம் என்கிறது. எண் திருத்தப்பட்ட வண்டியைத் தக்க காரணமில்லாமல் வைத்திருந்தாலே குற்றம். எஸ்கார்ட் உங்களுடையதாக இருந்தாலும், நீங்கள் ஓட்டப்போவது எஸ்கார்ட் இல்லை.

சேசிஸ் புதிது என்பதால் இது புது அடையாளம் வாங்க வேண்டிய வண்டி. அரசுப் பதிவேடான இ-நாட்டிஸில் கோடு 1 புது வண்டி, கோடு 2 பழைய வண்டி, கோடு 3 மறுபடி கட்டிய வண்டி, கோடு 3ஏ உதிரிபாகத்துக்கு மட்டும், கோடு 4 நிரந்தரமாக அழிக்கப்பட்டது. பழைய பாகங்கள் சேர்த்துக் கட்டியதால் கோடு 3-ஐ எதிர்பாருங்கள். ஸ்கிராப்யார்டில் பாகம் வாங்கும்போது மூல வண்டியின் கோடு என்ன என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் கடைக்காரருக்கு ஞாபகம் இருக்காது.

பவுடர் கோட்டிங்கை நிறுத்துங்கள். முதலில் எஞ்சின் அறையின் வலது பக்கம், போனட்டைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில், 200 × 30 மி.மீ. அளவில் 3 மி.மீ. தகடு ஒன்றை முழுச் சுற்றும் வெல்ட் செய்யுங்கள். 17 எழுத்து வின் எண் (வண்டியின் அடையாள எண்) 7 மி.மீ. உயரத்தில் அடித்தால் கிட்டத்தட்ட 150 மி.மீ. ஓடும். 1.6 மி.மீ. குழாயின்மேல் பஞ்ச் வைத்து அடித்தால் சுவர் உள்ளே அமுங்கும், எழுத்து பாதிதான் விழும். எண்ணை நீங்களாக உருவாக்கி அடிக்கக் கூடாது. காவல்துறை வாகன அடையாளப் பிரிவு ஒதுக்கித் தரும் எண்ணைத்தான் அடிக்க வேண்டும். அதுவரை அந்தத் தகட்டில் பிரைமர் மட்டும் போதும்.

ஃபீனிக்ஸ்_பேப்பர்:
காகித வேலையின் வரிசையைச் சொல்கிறேன். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கதவைத் தட்ட வேண்டிய முதல் இடம் உங்கள் பகுதிப் பதிவு அலுவலகம். "சொந்தமாகக் கட்டிய வண்டி, புது சேசிஸ்" என்று எழுதிக் கொடுத்து, அவர்கள் கேட்கும் ஆவணப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். கவுண்டருக்குக் கவுண்டர் பதில் மாறும். கையில் காகிதம் இருந்தால் அடுத்த முறை வாதாட வேண்டியதில்லை.

பிறகு போக வேண்டியது பிரிட்டோரியாவிலுள்ள என்.ஆர்.சி.எஸ். (கட்டாய விவரக்குறிப்புகளுக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பு). பயணிகள் காருக்கான கட்டாய விவரக்குறிப்பு வி.சி. 8022 அவர்களிடம்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் அனுமதிக் கடிதம் இல்லாமல் பதிவேட்டில் வண்டியை ஏற்றுவது கல்லில் நார் உரிப்பது. அதன்பின் போலீஸ் கிளியரன்ஸ் (திருட்டுச் சரக்கு இல்லை என்ற சான்று). எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றுக்கும் ரசீது, எஸ்கார்ட்டின் பதிவுச் சான்று, நீங்களே கட்டினீர்கள் என்ற பிரமாணப் பத்திரம், வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம். எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்காக இருந்தால் இறக்குமதி ஆவணத்தின் நகலும் வேண்டும். எஞ்சின் எண்ணின்மேல் பெயின்ட் அடித்திருந்தால் தின்னரால் துடையுங்கள். அரத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். லேசான கீறல்கூட எண்ணைத் திருத்தியதுபோலத் தெரியும்.

அப்புறம் எடைமேடைச் சான்று. ஆண்டு லைசென்ஸ் கட்டணம் வெற்று எடையை வைத்துத்தான். ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்ற) பரிசோதனை கடைசிக்கு முந்தையது, ஏனென்றால் அந்தச் சான்று 60 நாள்தான் செல்லும். அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு கிளியரன்ஸுக்குக் காத்திருந்தால் இன்னொரு முறை பணம் கட்டுவீர்கள். எல்லாம் கைக்கு வந்தபின் பதிவுக்கும் லைசென்ஸுக்குமான விண்ணப்பமான ஆர்.எல்.வி. படிவம். மைக்ரோடாட்டும் (வண்டியில் தெளிக்கும், அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள்) மறக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 1 முதல் முதன்முறையாகப் பதிவாகும் வண்டிக்கு அது கட்டாயம்.

டோங்காட்_பிரேக்:
ரோட்வொர்த்தியில் செவன் வண்டிகள் எங்கே விழுகின்றன என்று சொல்கிறேன்.

பிரேக். எஸ்கார்ட்டின் பின் டிரம், எஸ்கார்ட்டின் எடைக்குச் செய்தது. 550 கிலோ வண்டியில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பிரேக் சோதிக்கும் ரோலரில் நிறுத்தினால் பிரேக் விசையின் அளவு ஏறுமுன்னே டயர் வழுக்கும். பின்புறத்துக்குச் சிறிய வீல் சிலிண்டர் போடுங்கள், அல்லது அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சுற்றாகவே இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் கேபிள் எஸ்கார்ட்டுக்கு அளந்தது, செவனின் நடு டனலுக்கு நீளம் அதிகம். தொளதொளவென்று விட்டால் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும்.

ஸ்டியரிங். கார்ட்டினா அப்ரைட் இருமடங்கு எடையுள்ள காருக்கு உரியது. லேசான வண்டியில் திருப்பினால் தானாக நேராகாது, பரிசோதகர் ஓட்டிப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) 5 முதல் 6 டிகிரி வரை ஏற்றினால் இந்தக் குறை பெரிதும் போய்விடும். அதனால் மேல் விஷ்போன் (அப்ரைட்டைச் சேசிஸோடு இணைக்கும் கை) புஷ்ஷை வெல்ட் பண்ணும் முன்னே கோணத்தைப் பாருங்கள்.

சீட்பெல்ட் போல்ட் 7/16 அங்குல யு.என்.எஃப். நுண்மரை. அதற்குரிய பாஸ் (மரையுள்ள தடித்த உலோகத் துண்டு) சேசிஸ் குழாயில் வெல்ட் ஆகியிருக்க வேண்டும். ஃபைபர் பாடியில் வாஷர் வைத்து மாட்டினால் மோதும்போது பாடியோடு பிய்ந்து வரும்.

ஹெட்லைட் ஐரோப்பிய இறக்குமதி என்றால் டிப் (தாழ்வான) ஒளி வலப்பக்கம் ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவர் கண்ணில் குத்தும். இடப்பக்கச் சாலைக்கான 7 அங்குல எச்4 ஹெட்லைட் வாங்குங்கள். டிப்பில் 45 மீட்டர், பெரிய ஒளியில் 100 மீட்டர் தெரிய வேண்டும். ஹூட்டர் (ஹார்ன்) 90 மீட்டரில் கேட்க வேண்டும். டயர் பள்ளம் குறைந்தது 1 மி.மீ. விண்ட்ஸ்கிரீன் முத்திரையுள்ள பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கட்டும், ஒளி ஊடுருவல் 70 சதவீதம். பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் வேண்டாம்.

சேட்ஸ்வொர்த்_செவன்:
நன்றி அண்ணா. இவ்வளவு என்றால் ஆயத்த சேசிஸ் வாங்கியிருக்கலாம் போலிருக்கிறதே?

பைன்டவுன்_ஸ்பேனர்:
காகிதத்துக்கு மட்டும் பார்த்தால், ஆமாம். நம்ம ஊர் பர்க்கின் செவன் மாதிரி, பதிவுபெற்ற தயாரிப்பாளரின் சேசிஸ் என்றால் எண்ணோடும் ஆவணத்தோடும் வரும். ஆனால் உங்கள் வெல்டிங் முடிந்துவிட்டது. என்.ஆர்.சி.எஸ்-இடம் கடிதம் போட்டுவிட்டு, அது வரும்வரை பிரேக் குழாயைப் போடுங்கள், 300 மி.மீ.க்கு ஒரு கிளிப். முன் பிரேக் ஹோஸ் ஸ்டியரிங்கின் முழுத் திருப்பத்தில் டயரில் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.