ஸ்காபரோவா, மார்க்கமா? வீடு தேடும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

கேள்வி (பாலையூற்றிலிருந்து சென்றவர்):

வணக்கம். மனைவியும் நானும் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டோம். இப்போதைக்கு ஸ்காபரோவில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறோம். வாடகைக்கு இடம் பார்க்கிறோம். "ஸ்காபரோ ஊத்தை, காசு கூடினாலும் மார்க்கம் பக்கம் போ" என்று கேட்கிற எல்லோரும் சொல்கிறார்கள். குழந்தை பிறக்க இருப்பதால் மனைவிக்கும் யோசனையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (உவர்மலையிலிருந்து):

தம்பி, நான் ஸ்காபரோவில் தொடர்மாடியிலும் மார்க்கத்தில் தனிவீட்டிலும் குடியிருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டவள். அந்தப் பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். நம்முடைய ஊரிலும் இதுதானே நடக்கிறது? உவர்மலை துப்புரவு, திருக்கடலூர் ஊத்தை என்பார்கள். கிண்ணியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017 இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியபோது, கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நம்மவர்கள் அதை அங்குள்ளவர்களின் பழக்கவழக்கம் போலப் பேசினார்கள். நுளம்புக்குப் பாலம் கடக்கத் தெரியாதா? உப்புவெளிக் கடற்கரையில் நடந்து பாருங்கள். விடுதிக்கு முன்னால் மணல் வாரிவிட்டிருக்கும். பக்கத்து வெறுங்காணிக்கு முன்னால் பொலித்தீன் பறக்கும். கூட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும் இடம் துப்புரவாக இருக்கிறது. ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் அந்தக் கண்ணால் பாருங்கள்.

இரண்டுக்கும் எல்லை ஸ்ரீல்ஸ் அவென்யூ. தெற்கே ஸ்காபரோ, அது 1998 இல் ரொறன்ரோ நகரத்தோடு சேர்க்கப்பட்டது, ஆகவே குப்பைச் சட்டமும் ரொறன்ரோவினுடையதுதான். வடக்கே மார்க்கம், அது யோர்க் பிராந்தியத்தைச் சேர்ந்த தனி நகரம். (அந்தத் தெரு முழுவதையும் பராமரிப்பது ரொறன்ரோ. மார்க்கத்துக்காரர் "எங்கள் தெரு" என்று பெருமைப்படும்போது எனக்குச் சிரிப்பு வரும்.)

ரொறன்ரோவில் தனிவீடுகளுக்குக் குப்பைத் தொட்டி நான்கு அளவுகளில் உண்டு. தொட்டி பெரிதானால் கட்டணமும் கூடும். நம்மவர் வீடுகளில் ஊத்தை சேர்வதற்கு முக்கிய காரணமே இதுதான். மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்டில் ஒரு குடும்பம், சில வீடுகளில் அறைக்கு ஒரு மாணவன். வீட்டுக்காரரோ காசை மிச்சம் பிடிக்கச் சிறிய தொட்டியை வைத்திருப்பார். குப்பை வண்டி இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் வரும். இடைப்பட்ட கிழமையில் மறுசுழற்சிப் பொருட்களை எடுப்பார்கள். தொட்டி நிரம்பியதும் பைகள் கராஜ் ஓரத்தில் குவியும். பிறகு ரக்கூன் என்ற இரவு விலங்கு வரும். நம் ஊர் மான்கள் குப்பையில் பொலித்தீனைத் தின்னும் என்று கவலைப்படுகிறோம். ரக்கூனோ மூடியையே திறக்கும். இதற்காகவே 2016 இல் நகரசபை உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியைப் பூட்டு வைத்துக் கொடுத்தது. ஆகவே பேஸ்மென்ட் பார்க்கப் போனால் குளியலறையைப் பார்ப்பதற்கு முன் தொட்டியின் அளவையும், எத்தனை பேர் அதைப் பாவிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

மார்க்கத்தில் முறை வேறு. 2013 முதல் குப்பையை உள்ளே இருப்பது தெரியும் பையில்தான் வைக்கவேண்டும். பைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. பச்சைத் தொட்டியில் போடவேண்டிய சோற்றையும் மீன் எலும்பையும் குப்பைப் பையில் திணித்தால் அயலவர் முழுப்பேரும் பார்ப்பார்கள். வெட்கம் என்பது நல்ல துப்புரவுத் தொழிலாளி. தெருக்கள் பார்வைக்கு ஒழுங்காக இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே தொடர்மாடிகள் குறைவு, வீடுகள் புதியவை, வாடகை கூட. அந்த மேலதிகக் காசில் எவ்வளவு துப்புரவுக்கு, எவ்வளவு பெயருக்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்காபரோவுக்குப் பெயர் கெட்டது பெரும்பாலும் பழைய தொடர்மாடிகளால். அதிலும் ஒரே சந்தியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். நான் முதலில் இருந்த கட்டடத்தில் குப்பை விழும் குழாய் அடைத்துக்கொண்டு பல நாள் கிடந்தது. கரப்பான் எங்கள் மாடி வரை ஏறியது. பக்கத்துக் கட்டடத்தில் நடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களை ரொறன்ரோ நகரசபை 2017 முதல் "ரென்ட்சேஃப்" திட்டத்தின் கீழ் பரிசோதித்துப் புள்ளி போடுகிறது. முகவரியைக் கொடுத்தால் இணையத்தில் புள்ளி வரும். கையொப்பம் வைக்குமுன் அதைப் பாருங்கள். பிறகு பிரச்சினை வந்தால் முதலில் வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், அசையாவிட்டால் நகரசபையின் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பூச்சி மருந்து அடிப்பிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. உங்கள் காசில் அடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீடு பார்க்கும் காலத்தையும் கவனியுங்கள். சனவரியில் பனிக்கு அடியில் எல்லாத் தெருவும் வெள்ளை. மார்ச் கடைசியில் உருகும்போதுதான் கோப்பிக் கோப்பையும் நாய்ப் பீயும் சிகரெட் துண்டும் வெளியே வரும். ஒரு தெருவின் உண்மை முகம் அப்போது தெரியும். குளிர்காலத்தில் பார்க்க வேண்டி வந்தால், குப்பை எடுத்த மறுநாள் மாலை கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். முன்வாசலை எல்லோரும் கழுவுவார்கள்.

குழந்தை பிறந்ததும் ஒருதடவை பாவித்து எறியும் நப்கின் மலைபோலச் சேரும். ரொறன்ரோவில் அதைப் பச்சைத் தொட்டியில் போடலாம், அந்தத் தொட்டியைக் கிழமைதோறும் எடுப்பார்கள். மறுசுழற்சிப் பொருட்களுக்கான நீலத் தொட்டியை 2026 சனவரி முதல் நகரசபை பொறுப்பேற்பதில்லை, அது பொருட்களைப் பொதி செய்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பு. எதைப் போடலாம் என்ற பட்டியல் இப்போது ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் ஒன்றே. கடைசியாக ஒன்று: தெருவோரத்தில் யாரோ வைத்த மெத்தையோ சோபாவோ எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூட்டைப்பூச்சி மார்க்கத்து மெத்தையிலும் இருக்கும்.

கேள்வி (அன்புவழிபுரத்திலிருந்து சென்றவர்):

அக்கா, ஏஜக்ஸ், பிக்கரிங் எப்படி? அங்கே வாடகை கொஞ்சம் மலிவு, துப்புரவும் என்கிறார்கள்.

பதில்:

தங்கச்சி, அவை டர்ஹம் பிராந்தியம். குப்பையைப் பிராந்தியமே எடுக்கிறது. ஏரிக்கரை அழகு, தெருக்களும் நன்றாகவே இருக்கும். ஆனால் ரொறன்ரோ பஸ் எல்லையோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் வேறு நிறுவனம். கார் இல்லாமல் குளிர்காலத்தில் தரிப்பிடத்தில் நிற்கும்போது துப்புரவான தெரு கால் விறைப்பைப் போக்காது. இரண்டு பேருக்கும் வேலை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று முதலில் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.