"இத மாதிரி வேற உண்டுமா?" – மூன்று கலைச்சொற்கள் தேவை

குழித்துறை நூலகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்தில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றின் இரவல் மேசையில் இருப்போருக்காக ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, பேய்க்கதை, குடும்ப நாவல், அறிவியல் புனைவு படிக்கிறவர்களுக்கு அடுத்து எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என்பதுதான் பொருள்.

இந்த வேலைக்கு முறை வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க நூலகர்களான ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் இருவரும். 1989-இல் வந்த அவர்களுடைய நூல், ஒரு கதை வாசகரை எந்தெந்த வழியில் பிடிக்கிறது என்று நான்காகப் பிரித்தது: வேகம், பாத்திரங்கள், கதைப்போக்கு, களம். தொனியும் நடையும் பிற்பாடு தனித்தனியாகச் சேர்ந்தன. இவற்றைத் தமிழில் சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். ரீடர்ஸ் அட்வைசரி, அதாவது அடுத்து எதைப் படிக்கலாம் என்று வாசகருக்குச் சொல்லும் பணிக்கு ஒன்று. கதை வாசகரைப் பிடிக்கும் அந்த வழிகளை அப்பீல் என்கிறார்கள், அதற்கு ஒன்று. ரீட்-அலைக் என்பதற்கு ஒன்று, "அந்தக் கத கொள்ளாம், இத மாதிரி வேற உண்டுமா?" என்று கேட்பவருக்கு நாம் எடுத்து நீட்டும் புத்தகம் அது.

என் வரைவில் இப்போதைக்கு வாசகர் ஆலோசனை, ஈர்ப்புக்கூறு, ஒத்த நூல் என்று வைத்திருக்கிறேன். துப்பறியும் கதை, பேய்க்கதை என்று இனம் பிரிக்கும் ஜானருக்கு 'வகைமை' நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடலாம்.

குளச்சல் நூலகர்:

அண்ணே, 'வாசகர் ஆலோசனை' வேண்டாம். வாசலில் ஆலோசனைப் பெட்டி வைத்திருக்கிறோம். அது வாசகர்கள் நமக்கு ஆலோசனை சொல்வதற்கு. அந்தப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் 'வாசகர் ஆலோசனை' என்று பலகை வைத்தால், ஃபேன் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாசகர் ஆலோசனை சொல்கிறாரா, வாசகருக்கு ஆலோசனையா என்பது அந்தச் சொல்லில் தெளிவாக இல்லை.

'ஒத்த நூல்' அதைவிடச் சிக்கல். ஏட்டில் சரிதான். பேச்சில் 'ஒத்த புக்கு' என்றால் ஒரே ஒரு புத்தகம். "ஒத்த நூல்தான் தருவீங்களா, கார்டுக்கு மூணு உண்டுல்லா?" என்பார்கள்.

நாகர்கோவில் தமிழாசிரியர்:

அன்புடையீர், இரண்டாம் சொல்லைப் பற்றி. 'சுவைக்கூறு' என்று வைக்கலாமே? உள்ளத்து உணர்ச்சி வெளிப்படும் மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. கதை படிப்பவர் தேடுவது இவற்றைத்தானே? கைவசம் மரபு இருக்க, 'ஈர்ப்பு' என்று இயற்பியலிலிருந்து எடுப்பானேன்?

முதற்சொல்லுக்கு 'நூல் தேர்வுத் துணை' என் பரிந்துரை. மூன்றாவதற்கு 'இணைநூல்' அல்லது 'நிகர்நூல்'.

குழித்துறை நூலகர்:

ஐயா, வணக்கம். 'நூல் தேர்வு' எங்கள் துறையில் வேறொரு வேலைக்குப் போய்விட்டது. எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று குழு கூடி முடிவு செய்வதுதான் நூல் தேர்வு. அதே சொல்லை மேசைக்கும் வைத்தால் பதிப்பாளர்கள் பட்டியலோடு வந்து நிற்பார்கள். 'துணை' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது நல்ல சொல். 'வழிகாட்டல்' என்றால் நாம் முன்னால் போகிறோம், வாசகர் பின்னால் வருகிறார். துணை என்றால் பக்கத்தில் நடப்பது. குடும்ப நாவல் கேட்டு வருபவரை 'நல்ல இலக்கியத்துக்கு' ஏற்றிவிடுவது இந்தப் பணி அல்ல. அவர் கேட்டதில் சிறந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பணி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். அவருடைய நூல் என்றுதான் சொன்னார், நம்முடையது என்று சொல்லவில்லை. ஆகவே 'வாசிப்புத்துணை'. மேசையில் எழுதி வைத்தாலும் பொருள் விளங்கும்.

'சுவைக்கூறு' பற்றி: மெய்ப்பாடு எட்டும் உணர்ச்சி. சாரிக்ஸ் பட்டியலில் உணர்ச்சி ஆறில் ஒன்றுதான், அதாவது தொனி. மற்ற ஐந்தும் வேறு. ஒருவர் "இழுவையா இல்லாம வேணும்" என்றால் அது வேகம். "நம்ம கடப்புறத்துக் கத உண்டா" என்றால் அது களம். சுவை என்று பெயர் வைத்தால், நூலுக்கு ஒன்றாக நாம் எழுதி வைக்கும் குறிப்பு அட்டையை நிரப்புபவர் 'சோகம்', 'பயம்' என்று மட்டும் எழுதி முடித்துவிடுவார். ஈர்ப்புக்கூறு இருக்கட்டும். தொனி என்ற கட்டத்தில் எழுத வேண்டிய சொற்களாக உங்கள் மெய்ப்பாடுகளையே வைக்கலாம். அச்சம், நகை, அழுகை, வெகுளி, பெருமிதம் யாருக்கும் புரியும். மருட்கையை 'வியப்பு' என்றும் உவகையை 'மகிழ்ச்சி' என்றும் மாற்றினால் போதும். இழிவுணர்ச்சியைக் குறிக்கும் இளிவரல் மட்டும் வேண்டாமே ஐயா, மேசையில் யாரும் அதை எழுத மாட்டார்கள்.

தக்கலையிலிருந்து, நூற்பட்டியல் பணி செய்பவர்:

மூன்றாவது சொல்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். காரணம் அலமாரியில் இருக்கிறது.

நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க எண் தரும் டியூவி பகுப்பில் தமிழ்ப் புனைகதை முழுவதும் 894.8113. துப்பறியும் நாவலும் குடும்ப நாவலும் பேய்க்கதையும் அதே எண்தான். மொழிபெயர்ப்போ மூலமொழியின் எண்ணுக்குப் போய்விடும்: மலையாள நாவலின் தமிழாக்கம் 894.8123, பிரிட்டிஷ் ஆங்கில நாவலின் தமிழாக்கம் 823, அமெரிக்க நாவலின் தமிழாக்கம் 813. அரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பும் மொழி, வடிவம், ஆசிரியர் பிறந்த ஆண்டு என்று போகுமே தவிர வகைமையைக் காட்டாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளக் கதை மணத்தை விரும்புவோர் நிறைய. அவர்களுக்குப் பிடித்த தமிழ் நாவல் ஓர் அலமாரியில் இருக்கும், அதைப் போன்ற மலையாள மொழிபெயர்ப்பு இன்னோர் அலமாரியில். வாசகர் தானாகத் தேடினால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பகுப்பு எண்ணால் முடியாததைச் செய்வதற்குத்தான் இந்தச் சொல்லும் அதற்கான அட்டையும்.

இப்போது சொல். 'இணைநூல்' என்றால் வார இதழோடு வரும் இணைப்பு நினைவுக்கு வருகிறது. 'நிகர்நூல்' என்றால் தரத்தில் சமம் என்றாகிவிடும்; நாம் தரம் பேசவில்லை. 'போல்' என்ற வேரில் எதை ஆக்கினாலும் 'போலி' பக்கத்தில் வந்து நிற்கிறது. 'அடுத்த நூல்' எளிமைதான், ஆனால் தொடர் நாவல்களில் மாட்டிக்கொள்ளும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். முதல் பாகத்தைத் திருப்பித் தருபவரிடம் 'அடுத்த நூல்' என்றால் அவர் எதிர்பார்ப்பது இரண்டாம் பாகம்.

எனவே 'சாயல்நூல்'.

குளச்சல் நூலகர்:

'சாயல்' நல்லாத்தான் இருக்கு. ஒரு தயக்கம்: விமர்சனத்தில் "இன்னாருடைய நாவலின் சாயல் தெரிகிறது" என்றால் பார்த்து எழுதினார் என்று குத்திக் காட்டுவது. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

தக்கலையிலிருந்து:

அக்கா, அந்தக் குத்தல் விமர்சகர் வாயில் மட்டும்தான். ஊரில் சாயல் என்பது எந்தக் குறையும் இல்லாத சொல். பிள்ளையைப் பார்த்து "மூக்கு அப்பன் சாயல், நிறம் அம்மைக்க சாயல்" என்கிறோம். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்: சாயல் என்று சொன்னவுடன் "எதுல?" என்ற கேள்வி கூடவே வருகிறது. 'ஒத்த', 'இணை', 'நிகர்' எல்லாம் முழுதாக ஒன்றுபோல என்று சொல்லிவிடுகின்றன. முழுதாக ஒன்றுபோல இரு நாவல்கள் இல்லை. வேகச்சாயல், களச்சாயல், தொனிச்சாயல் என்று முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது.

மேசையில் நடக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான். வாசகர் ஒரு கொலைக் கதையைத் திருப்பித் தந்து இன்னொன்று கேட்பார். நாம் வகைமையைப் பார்த்து இன்னொரு கொலைக் கதையைக் கொடுப்போம். மறுநாளே திரும்பி வரும். ஏனென்றால் அவருக்குப் பிடித்தது கொலை அல்ல. ஒரு சிற்றூரில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் உண்மை வெளிவராமல் இருக்கிறதே, அந்த இறுக்கம். அவருக்குச் சாயல்நூல் கொலையே இல்லாத ஒரு குடும்ப நாவலாகக்கூட இருக்கலாம். 'ஒரே ஆசிரியர்' என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். ஒருவரே மாத நாவலும் எழுதியிருப்பார், நிதானமான சரித்திர நாவலும் எழுதியிருப்பார். இரண்டுக்கும் வேகம் ஏணி வைத்தாலும் எட்டாது.

பேய்க்கதை கேட்பவர்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நம் பக்கத்தில் பேய்க்கதை என்று கேட்கும் பெரியவர் பலருக்கு மனதில் இருப்பது யட்சி, இசக்கி, வாதை. கோயில், பனங்காடு, மந்திரவாதி, மெல்ல ஏறும் அச்சம். இளவட்டம் அதே சொல்லால் கேட்பது நகரத்து அடுக்ககத்தில் நடக்கும் திகில். பக்கத்துக்குப் பக்கம் அதிர்ச்சி வேண்டும். வகைமை ஒன்று. களமும் வேகமும் முற்றிலும் வேறு.

குழித்துறை நூலகர்:

சாயல்நூல் என்றே வைக்கிறேன். மேசைப் பேச்சுக்குக் கையேட்டில் எழுதியிருப்பதையும் இங்கே போடுகிறேன், இந்தச் சொற்கள் அதில் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

"என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்று தொடங்க வேண்டாம். "நல்ல கதையா" என்றுதான் பதில் வரும். "கடைசியாப் படிச்சதுல பிடிச்ச ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவும். கதையை அவர் எங்கிருந்து சொல்லத் தொடங்குகிறாரோ அதுதான் ஈர்ப்புக்கூறு. "ஒருத்தி இருக்கா, அவ..." என்றால் பாத்திரம். "கீழ வைக்க முடியல" என்றால் வேகம். "அந்த ஊரு அப்படியே கண்ணு முன்ன" என்றால் களம். பிறகு, வேண்டாதது எது என்று கட்டாயம் கேட்க வேண்டும். குழந்தை சாகிற கதை, ரத்தம், படுக்கையறைக் காட்சி ஆகியவற்றை வாசகர் தாமாகச் சொல்லக் கூச்சப்படுவார், கேட்டால் சொல்வார்.

மூன்று புத்தகம் எடுத்து வைக்கவும். ஒன்று அதே வகைமையில் நெருங்கியது. ஒன்று வேறு வகைமை, ஆனால் அதே ஈர்ப்புக்கூறு. மூன்றாவது மெல்லியது, பிடிக்காவிட்டாலும் நேரம் போகாது. ஐந்தாறாக அடுக்கினால் ஒன்றையும் எடுக்காமல் போய்விடுவார்கள். மூன்றையும் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். எதிரே நின்றால் நமக்காக ஒன்றை எடுப்பார், படிக்க மாட்டார்.

குளச்சல் நூலகர்:

பொருந்துகிறது. எழுத்தின் அளவையும் சேருங்கள் அண்ணே. சாயல் எவ்வளவு பொருந்தினாலும் "எழுத்து பொடியா இருக்கு" என்று வயதானவர்கள் வைத்துவிடுகிறார்கள். கனமான ஒற்றைத் தொகுதியைப் படுத்துக்கொண்டு பிடிக்கவும் முடியாது. ஒரே நாவலுக்கு இரு பதிப்பு இருந்தால் எது பெரிய எழுத்து என்று அட்டையில் குறிக்க வேண்டும். தொடர் நாவலில் எந்தப் பாகம் நம்மிடம் இல்லை என்பதையும். மூன்றாம் பாகம் தொலைந்த தொடரைச் சாயல்நூலாக நீட்டினால் அந்த வாசகர் நம்மை மறுபடி நம்ப மாட்டார்.

தக்கலையிலிருந்து:

அட்டைக்குப் புதிதாகச் செலவு வேண்டாம். கணினி வந்த பிறகு ஒதுக்கிய 12.5 × 7.5 செ.மீ. நூற்பட்டியல் அட்டைகளின் பின்பக்கம் போதும். மேலே நூற்பெயர், ஆசிரியர், பகுப்பு எண். கீழே இரண்டு ஈர்ப்புக்கூறு மட்டும். ஆறையும் நிரப்பச் சொன்னால் எல்லா அட்டையிலும் 'நடுத்தர வேகம், நல்ல நடை' என்று ஒரே மாதிரி வரும். அதில் பயன் இல்லை. அதற்குக் கீழே சாயல்நூல் இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றுக்கும் எதில் சாயல் என்று ஒரு சொல். பென்சிலால் எழுதவும், வாசகர் "இல்ல, இது வேற" என்றால் அழித்து எழுத வேண்டிவரும்.

ஒன்று கவனிக்க: சாயல் இருவழி அல்ல. நிதானமான நாவலைப் படித்தவருக்கு விறுவிறுப்பான ஒன்றைக் களச்சாயலுக்காகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார். விறுவிறுப்பானதைப் படித்தவரிடம் நிதானமானதைக் கொடுத்தால் பத்தாம் பக்கத்தில் நிற்கும். ஆகவே ஒரு அட்டையில் எழுதியதை அப்படியே மற்ற அட்டைக்கும் நகலெடுக்கக் கூடாது.

நாகர்கோவில் தமிழாசிரியர்:

சாயல்நூல் எனக்கும் உடன்பாடு. இளிவரலை விட்டுவிடுங்கள்.

புணர்ச்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொருள் + நூல் 'பொருணூல்' ஆவது போல், மரபுப்படி இது 'சாயனூல்' ஆகும். கையேட்டில் எதை எழுதப் போகிறீர்கள்?

தக்கலையிலிருந்து:

ஐயா, கணினியில் 'சாயல்' என்று தட்டினால் 'சாயனூல்' அகப்படாது. புதுச் சொல்லை முதல்முறை பார்ப்பவருக்கும் அதில் சாயல் இருப்பது தெரியாது. 'சாயல்நூல்' என்று இயல்பாகவே எழுதலாம்; இடைவெளி மட்டும் விட வேண்டாம். விட்டால் தேடலில் இரண்டு சொல்லாகப் பிரிந்து, 'நூல்' உள்ள பதிவெல்லாம் வந்து குவியும்.

நாகர்கோவில் தமிழாசிரியர்:

ஏற்கத்தக்க காரணம். அப்படியே எழுதுங்கள். வேகச்சாயல், களச்சாயல் இரண்டிலும் வல்லினம் மிகும். அதை மட்டும் அச்சில் விட்டுவிட வேண்டாம்.