பொருள்: 'ஃப்ராக்' — தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் பவளம் வளர்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். மீன் தொட்டி பற்றியது அல்ல. பவளத்தை வெட்டி, வெட்டிய விரல்நுனி அளவுப் பகுதியை (இதைத்தான் 'ஃப்ராக்' என்கிறார்கள்) வளர்த்தெடுப்பதற்கான சிறிய உப்புநீர்த் தொட்டி பற்றியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வரவேற்பறை மூலையில் அடங்கிவிடும்: நீளம் 60 செ.மீ., அகலம் 45, உயரம் 30. விளிம்புவரை நிரப்பினால் 81 லிட்டர். வெட்டியவற்றை ஒரே மட்டத்தில் பரப்பி வைத்தால்தான் விளக்கு வெளிச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் கிடைக்கும். அதற்காகவே உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுகிறார்கள்.

தொட்டியைப் பற்றி எழுதுவதில் சிக்கல் இல்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தன்மை, 25–26 டிகிரி வெப்பம். இந்த ஊரில் விசிறியோ குளிர்விப்பானோ இல்லாவிட்டால் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும்; ஆகவே குறைந்த மட்டத்தை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். (நான் முதல் இரண்டு வாரம் உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். காளான் பவளம் ஒன்று கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் புத்தி வந்தது.) புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கு மட்டும் சொல் தானாகவே வந்து அமைந்தது: 'பழக்குதல்'. புதுக் கல்சட்டியைப் பழக்குவதில்லையா? அப்படித்தான்.

இடறுவது 'ஃப்ராக்' என்ற ஒரு சொல்லில்தான். ஆங்கிலத்தில் துண்டைக் குறிக்கும் நீண்ட சொல்லின் தலையை மட்டும் கிள்ளியெடுத்து, அதையே பெயராகவும் வினையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஃப்ராக் தொட்டி, ஃப்ராக் பிளக், ஃப்ராக் செய்தல் என்று குடும்பமே பெருகிவிட்டது. 'பவளத் துண்டு' என்று எழுதிப் பார்த்தேன். நகைக்கடை விளம்பரம் போல் இருக்கிறது. 'துணுக்கு' என்றால் வார இதழின் பக்கம் நிரப்பும் சங்கதி. பள்ளிப் பாடநூலில் உள்ள 'துண்டாதல்' பாசி தானாகத் துண்டாவதைச் சொல்கிறது, நாம் வெட்டுவதை அல்ல. என் மனத்தில் இருப்பவை இரண்டு: பதியம், நாற்று. உங்கள் கருத்து?

*

> பதியம், நாற்று

தம்பி, இரண்டும் ஆகாது. வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பதியம் போடும்போது கிளையை வெட்டுவதில்லை. தாய்ச்செடியில் இருக்கும்போதே வளைத்து மண்ணுக்குள் அமுக்கி, வேர் பிடித்த பிறகுதான் அறுப்போம். நீங்கள் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டுகிறீர்கள்.

நாற்று விதையிலிருந்து வருவது. அது தாய், தந்தை இருவரின் கலப்பு. வெட்டியெடுத்ததோ தாயின் அச்சு அசல். பவளத்துக்கு இரண்டு வழியும் உண்டு என்று படித்திருக்கிறேன். முட்டையும் விந்தும் கடலில் கலந்து குடம்பியாகி (லார்வா) எங்கோ போய் ஒட்டுவது ஒன்று. அலையில் ஒடிந்த கிளை விழுந்த இடத்திலேயே பிடித்து வளர்வது இன்னொன்று. நாளைக்குக் குடம்பியிலிருந்து வளர்த்த குஞ்சுப் பவளத்தைப் பற்றி எழுதும்போது 'நாற்று' தேவைப்படும். அதை இப்போதே செலவழித்துவிடாதீர்கள்.

வெட்டி நடுவதற்கு நம் வயல்களில் பயிருக்கொரு சொல் இருக்கிறது. முருங்கை, பூவரசு, கிளுவை என்றால் போத்து. மரவள்ளிக்குக் குச்சி. கரும்புக்குக் கரணை. போத்து அழகான சொல்தான், ஆனால் கைத்தடி நீளமாவது இருந்தால்தான் போத்து. உங்களுடையது விரல்நுனி அளவு என்கிறீர்கள். கரணையைப் பாருங்கள்: அதன் பெறுமதி நீளத்தில் இல்லை, எத்தனை பரு (முளைக்கும் மொட்டு) இருக்கிறது என்பதில்தான். இருபருக் கரணை, முப்பருக் கரணை என்றுதான் கணக்கு. பரு இல்லாத கரணை வெறும் சக்கை. பவளத்திலும் உயிருள்ள பாலிப் (பவளக் கூட்டத்தில் உள்ள சிறு உயிரி) ஒன்றாவது இருந்தால்தானே வளரும்? இல்லாவிட்டால் அது சுண்ணாம்புக் கல்.

பவளக் கரணை. கரணைத் தொட்டி. கரணை வெட்டுதல். தாய்க் கூட்டத்தைத் 'தாய்ப் பவளம்' என்றாலே போதும்.

*

ஐயாவுக்கு வணக்கம். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஒரே ஒரு ஆட்சேபம்: பவளம் விலங்கு. அதைக் கரும்போடு சேர்த்தால் பிள்ளைகள் மறுபடியும் செடி என்றே நினைப்பார்கள். ஐரோப்பாவிலேயே இதைத் தீர்க்க எவ்வளவோ காலம் ஆயிற்று. 1720-களில் பெசொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 'பவளத்தின் பூ' என்று சொல்லப்பட்டது உண்மையில் ஒரு விலங்கு என்று கண்டு சொன்னபோது, அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். நாம் திரும்பவும் அந்தக் குழிக்குள் போக வேண்டுமா? போதாக்குறைக்கு, என் மாணவர்களுக்குக் கரணை என்றால் கொத்தனார் கையில் இருக்கும் கரண்டி.

இன்னொன்று, கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டியது: இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இராமேசுவரம் கரையில் ஒடிந்து கிடப்பதைப் பொறுக்கி வந்து தொட்டியில் போடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

*

கொத்தனார் கரணையும் பவளக் கரணையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் நாள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அம்மா. கரும்புக்காரர்கள் வீடு கட்டும்போது குழம்பியதாக நான் கேட்டதில்லை.

விலங்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மீன்வளத் துறை 'மீன் விதைப் பண்ணை' என்று பலகை வைத்திருக்கிறதே, அதைப் படித்து யாராவது மீன் செடியில் காய்க்கிறது என்று நம்பினார்களா? தவிர, பாலிப்பின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து வெளிச்சத்தில் சமைத்துத்தானே அதற்குச் சோறு போடுகிறது? உள்ளே பாதி வேளாண்மை நடக்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் சிமெண்ட் பலகைகளில் பவளக் கிளைகளைக் கட்டிக் கடலடியில் இறக்கிவருகிறார்கள். அங்குள்ள பவளப் பார்களைச் சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் வெட்டித் தீர்த்தோம். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. அந்தப் பலகை வேலையைப் பார்ப்பவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். தொட்டிக்காரர்களுக்கு மட்டுமான சொல் நமக்கு எதற்கு?

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. நகைக்கடை நினைவு வருகிறது என்று முதல் மடலில் இருந்தது. குற்றம் 'துண்டு' மீது அல்ல, 'பவளம்' மீதுதான். மாலையில் கோக்கும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலின் வேறொரு வகை உயிரி. அது இப்படிப் பாறை கட்டுவதில்லை. புறநானூற்றில் பொன், முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'துகிர்' என்ற பவளமும் அணிகலன்தான். கடலடியில் பாறையாக வளர்வதற்கு எங்களிடம் தனிச் சொல் உண்டு: முருகைக்கல். எங்கள் பாடநூல்களில் 'முருகைக் கற்பாறை' என்றே இருக்கிறது. நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி அந்தக் கல்லால்தான் மதில் அடுக்கியிருக்கிறார்கள். கரணை எனக்குப் பிடித்திருக்கிறது. 'முருகைக் கரணை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நன்றாகவே உருள்கிறது.

*

அனைவருக்கும் நன்றி. கரணையை எடுத்துக்கொண்டேன். ஆசிரியர் அம்மாவின் கவலைக்காக, 'பவளம் ஒரு விலங்கு' என்பதையே கையேட்டின் முதல் வாக்கியமாக வைக்கிறேன். சட்டம் பற்றியது இரண்டாவது.

முருகையை விட மனம் வரவில்லை. ஆனால் இங்குள்ள வாசகர்கள் அதை அறிய மாட்டார்கள். தலைப்பில் பவளம் இருக்கட்டும், முதல் அத்தியாயத்தில் முருகையையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

எஞ்சியிருப்பது 'பிளக்'. தட்டையான தலையும் கீழே குட்டைத் தண்டும் கொண்ட பீங்கான் வில்லை. ஐயா தனிமடலில் 'குமிழாணி' என்றார். பொருத்தமான பெயர்தான், ஆனால் ஆணி என்று படித்துவிட்டு யாராவது இரும்புக் கடைக்குப் போய்விட்டால்? பித்தளை ஆணியாக இருந்து, அதிலுள்ள செம்பு கொஞ்சம் கரைந்தாலே பவளம் செத்துப்போகும். ஆகவே ஆணியைப் பிடுங்கிவிட்டுக் 'குமிழ்' என்று வைத்திருக்கிறேன். 'குமிழி'யோடு குழம்பும் என்பது தெரியும்; காற்றுக்குமிழி என்று வரும் இடங்களையெல்லாம் 'நுரை' என்று மாற்றிவிட்டேன்.

சொற்கள் ஒன்றாகப் பழகுகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி:

"தொட்டி நன்றாகப் பழகிய பிறகே கரணை வெட்டவும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பொத்தான் பவளங்கள் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. தாய்ப் பவளத்தின் நுனியை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி, வெட்டுவாயைத் துணியில் ஒற்றி, கூழ்ப்பசை ஒரு சொட்டு வைத்துக் குமிழில் நடவும். குமிழின் தண்டைக் கட்டத்தட்டின் துளையில் செருகவும். கரணையின் அடிச்சதை குமிழின் மேல் படர்ந்து வந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்."

*

'நடவும்' வேண்டாம், தம்பி. மண் இல்லை. 'ஒட்டவும்' என்று போடுங்கள்.